காயமில்லாவிட்டால் காசு நல்ல காசு

முதலில் இராணியின் மூக்குத்தான் போனது.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடி வீட்டு வரவேற்பறையில், காலை ஒன்பது பதினெட்டுக்குத் தொடங்கிய சுபவேளையில் பத்தர் ஊதுகுழலை வாயில் வைத்தார். கரி சிவந்தது. உருக்கும் மூசைக்குள் கிடந்தது 1893ஆம் ஆண்டு விக்டோரியா இராணித் தலைப் பவுண். அது மெல்லச் சிவந்து, கரைந்து, ஒரு துளிச் சூரியனைப்போல உருண்டு நிற்க வேண்டும். அதை எல்லோரும் எட்டிப் பார்த்து, நல்லாய் உருகியிருக்கு என்று சொல்லிவிட்டுப் பலகாரத் தட்டுக்குத் திரும்ப வேண்டும். பொன்னுருக்கு என்றால் அவ்வளவுதான். மாப்பிள்ளை வீட்டில், இரண்டு பக்கத்தாரும் பார்த்திருக்க, ஒரு தங்கக் காசை உருக்கி அந்தப் பொன்னில் தாலி செய்வது.

இராணியின் மூக்கிலிருந்து பச்சைச் சுவாலை கிளம்பியது. பிறகு வெள்ளைப் புகை. பத்தர் ஊதுவதை நிறுத்தினார். முப்பது வருடத் தொழிலில் அவர் இப்படி ஒரு புகையைத் தங்கத்தில் கண்டதில்லை.

"ஐயா, இது பித்தளை," என்றார்.

அதைக் கேட்டதும் இராணி வெடித்தாள்.

உருகிய துளி ஒன்று பறந்துபோய், பெண்ணின் தகப்பன் அருளம்பலத்தின் இடது காலில், பெருவிரலுக்குச் சற்று மேலே குடியேறியது. அவர் துள்ளியெழுந்தார். தோல் பொசுங்கும் மணம் ஊதுபத்தியை வென்றது. எழுந்த வேகத்தோடு அவர் மாப்பிள்ளையின் தகப்பன் பாலசுந்தரத்தின் வாயில் ஒரு குத்து விட்டார். மேல்வரிசைப் பல் ஒன்று வெற்றிலைத் தட்டத்தில் விழுந்தது.

"பித்தளையில தாலி கட்டப் பாத்தனீரோ?"

மாப்பிள்ளை ஜனா பாய்ந்து பெண்ணின் மாமனுடைய கழுத்தைப் பிடித்தான். மாமன் எதுவும் செய்திருக்கவில்லை. பக்கத்தில் நின்றார், அதுதான் குற்றம். பாலசுந்தரத்தின் மனைவி இரத்தினம்மா, அறுபத்திரண்டு வயது, சர்க்கரை வியாதிக்காரி, நிறைகுடத்தின் மேலிருந்த தேங்காயைத் தூக்கி எறிந்தாள். அது குறி தவறிப் பத்தரின் காதில் பட்டது. சுபவேளை முடிய இன்னும் இருபத்தாறு நிமிடம் இருந்தது. அதை யாரும் வீணாக்கவில்லை.

எல்லோரும் களைத்த பிறகு அருளம்பலம் கதிரையில் அமர்ந்து, சுட்ட காலை ஒரு வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"அடுத்த கிழமை வெள்ளிக்கிடையில பேப்பர் வரவேணும். அரசாங்க முத்திரையோட. காசு போலி, வித்தவன் வேற ஒருத்தன், நீர் ஏமாந்தனீர் எண்டு அதில எழுதியிருக்கவேணும். இல்லாட்டி என்ர பிள்ளை மணவறையில இராது. சனம் என்ன கதைக்கும்? கள்ளக் காசுக்காரன்ர வீட்டில பொம்பிளை குடுத்தான் எண்டு கதைக்கும்."

கலியாணம் அடுத்த ஞாயிறு. ஜனாவும் நிருஷாவும் நாலு வருடமாக ஒருவரையொருவர் விரும்பி, எட்டு மாதமாக இரண்டு வீட்டையும் கெஞ்சி, ஒரு மண்டபத்துக்கு முற்பணமும் கட்டியிருந்தார்கள். ஜனா தகப்பனைப் பார்த்தான். பாலசுந்தரம் பல்லைப் பொறுக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

காணிப் பதிவு அலுவலகம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். மனிதரை நம்பமாட்டார். முத்திரையை நம்புவார். பெண்ணின் அத்தை லண்டனிலிருந்து, தங்கள் குடும்பத்தில் இராணித் தலைப் பவுண்தான் உருக்குவது என்று சொல்லிவிட்டபோது, அவர் செட்டியார் தெருவுக்குப் போகவில்லை. அங்கே கடைக்காரன் வாயால் உறுதி சொல்வான். 'கடைப்பெட்டி' என்ற இணையச் சந்தையில் அவர் கண்ட காசோ கண்ணாடிபோன்ற பிளாஸ்ரிக் உறைக்குள் இருந்தது. கூடவே சேகரிப்பு நாணய உண்மைத்தன்மைச் சபையின் அட்டை. மினுங்கும் முத்திரை. தரம்: 64. உறையைத் திறந்தால் சான்று செல்லாது என்று எழுதியிருந்ததால், பொன்னுருக்கு நாள் காலைவரை ஒருவரும் அதைத் திறக்கவில்லை.

மறுநாளே அவர் அந்தச் சபைக்குப் போனார்.

சபை பொரளையில், மயானத்து மதிலைப் பார்த்தபடி, மூன்று மாடியில் இருந்தது. கருமபீடத்தில் சாமினி என்ற பெண். முன்னால் பெயர்ப்பலகை, அதற்கு முன்னால் பாதி தின்ற மீன்பணிஸ். பாலசுந்தரம் கடதாசியைப் பிரித்து, கருகிய உலோகக் கட்டியை மேசையில் வைத்தார்.

"அங்கிள், இது காசு இல்லையே."

"உருக்கினதால இப்பிடி வந்திட்டுது பிள்ளை. முந்தி காசாத்தான் இருந்தது."

"முந்தி இருந்தது எங்களுக்கு வேலையில்ல. நாங்க பாக்கிறது காசு. இது கட்டி. கட்டிக்கு வேற டிபார்ட்மென்ட், அது இன்னும் தொடங்கல்ல."

அவர் அட்டையை நீட்டினார். சாமினி அதை வெளிச்சத்தில் பிடித்தாள், நகத்தால் சுரண்டினாள், முகம் மலர்ந்தாள்.

"அட்டை ஒரிஜினல் அங்கிள். பயப்பட வேணாம்."

"அப்ப காசு?"

"காசு இங்க வாறதே இல்லையே. விக்கிற ஆக்கள் போட்டோ அனுப்புவாங்க, நாங்க போட்டோவுக்குத் தரம் போட்டுக் குடுக்கிற. உங்கட போட்டோ அறுபத்திநாலு எடுத்திரிக்கு. நல்ல மார்க்ஸ்."

பாலசுந்தரத்துக்கு அலுவலகங்களைத் தெரியும். இப்படியான இடத்தில் குரலை உயர்த்தினால் கோப்பு தொலைந்துவிடும். அவர் பணிவாக, முறைப்பாடு ஒன்று பதிய வேண்டும் என்றார். சாமினி படிவத்தை எடுத்தாள்.

"காயம் இருக்கா?"

"என்ன காயம்?"

"உடம்பில. அடி, வெட்டு, முறிவு. ஏதும்?"

அவர் வாயைத் திறந்து ஓட்டையைக் காட்டினார். சட்டைப் பையிலிருந்து பல்லையும் எடுத்து வைத்தார். சாமினி உற்சாகமாகப் பேனையைத் திறந்தாள்.

"ஆர் அடிச்ச?"

"சம்பந்தி."

பேனை மூடப்பட்டது. "சம்பந்தி செல்லாது அங்கிள். வித்த ஆள் அடிக்கணும். நீங்க டிரெக்டர் ஜெனரல சந்திங்க, அவர் வடிவா விளங்கப்படுத்துவார்."

பணிப்பாளர் நாயகம் சவுந்தரநாயகத்தின் அறை குளிராக இருந்தது. மூலையில், குளிர்சாதனப் பெட்டி அளவான ஒரு பொதி, பிரிக்கப்படாத பிளாஸ்ரிக் உறையோடு நின்றது. அதன்மேல் பூச்சாடி. உலோகத்தை ஊடுருவிப் பார்க்கும் இயந்திரம் என்று அவரே அறிமுகம் செய்துவைத்தார். நாலு கோடி. ஐந்து வருடத்துக்கு முன் வந்தது. திறந்தால் உத்தரவாதக் காலம் ஓடத் தொடங்கிவிடும் என்பதால் திறக்கவில்லை.

"திரு. பாலசுந்தரம் அவர்களே," என்று அவர் தொடங்கினார். அவருக்கு மேசையோடு பேசினாலும் மேடையில் பேசுகிற குரல். "இந்தச் சபைக்கு இதுவரை பதினோராயிரம் முறைப்பாடுகள் வந்திருக்கின்றன. அத்தனையையும் விசாரிப்பதென்றால் நாங்கள் காசுகளைப் பார்க்க வேண்டியிருக்கும். எங்கள் ஊழியர்களில் ஒருவருக்கும் காசைப் பற்றித் தெரியாது. அது ஒரு பலவீனம் என்று சிலர் சொன்னார்கள். நான் அதைப் பலமாக மாற்றினேன். ஆராய்ந்தேன். என்ன கண்டேன்? நல்ல காசை விற்றவனிடம் போய் இது போலி என்று சொல்லுங்கள், அவன் சிரிப்பான். போலியை விற்றவனிடம் போய்ச் சொல்லுங்கள், அடிப்பான். ஆகவே அடிப்பவன் போலி வியாபாரி. அடி விழுந்ததா என்று பார்த்தால் போதும். காசைத் தொடவே வேண்டியதில்லை. உலகத்தில் வேறெங்கும் இந்த முறை கிடையாது. சுவிற்சர்லாந்திலிருந்து ஒரு குழு வந்தது. பார்த்தார்கள். ஒரு வார்த்தை பேச முடியாமல் திரும்பிப் போனார்கள்."

"அடி விழாட்டி ஐயா?"

"காயமில்லாவிட்டால் காசு நல்ல காசு. அப்படியும் சந்தேகம் இருந்தால் சாதாரண வரிசை. மூன்று வருடமும் ஏழு மாதமும்."

"கலியாணம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை."

"அப்படியென்றால் நாளைக்கே அடி வாங்கிவிடுங்கள்," என்றார் பணிப்பாளர் நாயகம் கனிவாக. "பணத்தைத் திருப்பித் தந்தால் வாங்கிவிடாதீர்கள். சுமுகமாகத் தீர்ந்தது என்று கோப்பை மூடிவிடுவோம். அநேகர் அந்தப் பிழையைத்தான் விடுகிறார்கள்."

போகும்போது சாமினி ஒரு தாளைக் கொடுத்தாள். காயப் பட்டியல். அ தரம்: எலும்பு முறிவு. ஆ தரம்: தையல். இ தரம்: வீக்கம், கண்டல். இ தரத்துக்கு முத்திரை கிடையாது.

சனிக்கிழமை காலை பாலசுந்தரம் கொட்டாஞ்சேனைக்குப் போனார். கடைப்பெட்டியில் கிடைத்த முகவரி, மாதா கோவிலுக்குப் பின்னால் ஒரு சந்து. கதவைத் திறந்தவன் ரொனி. துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவன். வாசலை நிறைத்துக்கொண்டு நின்றான். அவனுடைய கைகளைப் பார்த்ததும் பாலசுந்தரத்துக்கு நம்பிக்கை பிறந்தது. இந்தக் கை ஒருமுறை பட்டாலே அ தரம்.

"தம்பி, நீர் வித்த பவுண் போலி," என்றார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது ரொனியின் கண்கள் கலங்கியிருந்தன.

"ஐயோ அங்கிள். எனக்குந்தான் அத நல்ல காசு எண்டு குடுத்தாங்க. உள்ளுக்கு வாங்க, உக்காருங்க. சல்லி முழுசா தந்திர்றேன். இப்பவே தாறேன்."

"சல்லி வேண்டாம். எனக்கு அடிக்கவேணும் நீர்."

"என்ன?"

பாலசுந்தரம் காயப் பட்டியலை விரித்து விளக்கினார். ரொனி கேட்கக் கேட்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். "எங்க டடி வயசு உங்களுக்கு. நான் எப்பிடி அடிக்கிற? கர்த்தர் மன்னிக்க மாட்டார்."

"கலியாணம் நிண்டுபோகும் தம்பி. என்ர பெடியன் நாலு வருசமாக் காத்திருக்கிறான். ஒரு அடி. கன்னத்தில வேண்டாம், அது இ தரம். கையில பாத்து அடியும்."

குசினிக்குள் இருந்து ரொனியின் மனைவி புளோறன்ஸ் வந்தாள். மெலிந்தவள், மூக்குக்கண்ணாடி, கையெல்லாம் மா. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"இவரால ஒரு கரப்பானுக்குக்கூட அடிக்க ஏலாது அங்கிள். நான் செருப்ப எடுத்தா, பாவம் விடு எண்டு சொல்ற மனுசன். அதோட, இவர் அடிச்சும் வேலையில்ல. கடைப்பெட்டி எக்கவுன்ட் என்ட பேர்ல. என்ட ஐடி கார்ட்."

பாலசுந்தரம் அலுவலகக்காரர். அவளுடைய வாதத்தில் இருந்த சுத்தத்தை அவரால் மறுக்க முடியவில்லை.

"அப்ப நீங்கதான் பிள்ளை அடிக்கவேணும்."

"அடிச்சா நான் கள்ளக் காசுக்காரி எண்டு பேப்பர் வரும்?"

"ஓம்."

"அப்ப எனக்கு வித்தவன்ட நான் போய் அடி வாங்கி, நானும் ஒரு பேப்பர் எடுக்கலாம்?"

"எடுக்கலாம் போலதான் கிடக்கு."

புளோறன்ஸ் யோசித்தாள். "என்ட லைஃப்ல நான் ஆர்ட்டயும் அடி வாங்கினதில்ல," என்றாள், தான் ஒருபோதும் போகாத ஊரைச் சொல்வதுபோல. பிறகு உள்ளே போய் இடியப்ப உரலை எடுத்து வந்தாள்.

முதல் அடி தோளில் விழுந்தது. பாலசுந்தரம் தோளைத் தடவிப் பார்த்து, தயக்கத்தோடு சொன்னார்:

"பிள்ளை, குறைவிளங்கக்கூடாது. இது வெறும் வீக்கம். தையல் போடுற மாதிரி..."

"அடி வாங்க வந்த இடத்தில ஓடர் வேற குடுக்கிறீங்களா?"

இரண்டாவது அடிக்கு அவள் குறி பார்த்தாள். புருவம் பிளந்தது. இரத்தம் கண்ணை மறைத்து, மூக்கால் இறங்கி, சட்டையில் அகன்ற சிவப்பு நாடாவாக ஓடியது. ரொனி பெரிதாக அழுதுகொண்டே அவரைத் தூக்கி ஓட்டோவில் போட்டான். ஆஸ்பத்திரியில் ஐந்து தையல். பாலசுந்தரம் வைத்தியரிடம் கேட்டது ஒன்றுதான்: தையலின் எண்ணிக்கையைத் தெளிவாக எழுதித் தர முடியுமா?

திங்கட்கிழமை சாமினி அடிமட்டத்தை வைத்துப் புருவத்தை அளந்தாள். நாலு சென்ரிமீற்றர்.

"ஆ தரம் அங்கிள். நல்ல காயம்."

"அப்ப முத்திரை?"

"அதுதான் ஒரு சின்னப் பிரச்சின." அவள் குரலைத் தாழ்த்தினாள். "இப்ப போலிக் காயம் நிறைய வருது."

மூன்று மாதத்துக்கு முன்தான் சபை கண்டுபிடித்திருந்தது. ஒருவன் றப்பரில் செய்த தையல் தழும்புகளைக் கடைப்பெட்டியிலேயே விற்கிறான். பன்னிரண்டு எடுத்தால் ஒன்று இலவசம். சிலர் மாட்டு எலும்பின் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். ஒருவருடைய மார்புக் கூட்டில் கொம்பு தெரிந்ததால்தான் பிடிபட்டார். அதனால் சபை தன் முறையை இறுக்கிவிட்டது. வெளியில் விழுந்த அடி இனிச் செல்லாது. சபையின் மண்டபத்தில், அதிகாரிகள் முன்னிலையில், புதிதாக விழ வேண்டும். ஒவ்வொரு வியாழனும் காலை பத்து மணி. நேரடி மோதல் நிகழ்வு. அனுமதி இலவசம்.

"அதோட அங்கிள், மண்டபத்தில ஆ தரம் எடுக்கிறதில்ல. அ தரம் மட்டும்தான். நீங்க திருப்பி அடிக்கவும் வேணாம், என்ன? வாங்கின ஆள் அடிச்சா ஆராய்ச்சி பழுதாயிரும்."

அன்றிரவு இரத்தினம்மா அவருடைய கட்டை மாற்றிக்கொண்டே, "பேசாமல் சம்பந்தியின்ர காலில விழுவம்," என்றாள். பாலசுந்தரம் காயப் பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். முப்பத்தொரு வருடம் மற்றவர்களை ஒவ்வொரு யன்னலாக அலையவிட்டவர் அவர். கடைசி யன்னலில் முத்திரை இருக்கும் என்ற நம்பிக்கை அவருக்குத்தான் கூட.

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பணிப்பாளர் நாயகம் குத்துவிளக்கேற்றினார். பாடசாலைப் பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். கடைப்பெட்டியின் பிரதிநிதி பெரிய திரையில் தோன்றி, வாடிக்கையாளரின் வலிதான் தங்கள் வளர்ச்சி என்று சொல்லிச் சிரித்தார். பிறகு திரையில் ஐந்து நட்சத்திரங்கள் வந்தன. இன்றைய அடியை எத்தனை நட்சத்திரத்தால் மதிப்பிடுவீர்கள் என்று கேட்டது.

முதல் சோடி, ஒல்லாந்தர் காலத்துச் செப்புக் காசு ஒன்றுக்காக வந்தவர்கள். வாங்கியவருக்குத் தாடை கழன்றது. இரண்டாவது சோடியில் விற்றவர் கடைசி நேரத்தில் இரக்கப்பட்டு அடிக்க மறுத்துவிட்டார். அவருடைய காசு நல்ல காசு என்று உடனே அறிவிக்கப்பட்டது. வாங்கியவர் நிலத்தில் விழுந்து, அடியுங்கள் அடியுங்கள் என்று அவர் காலைப் பிடித்துக் கதறினார். பாதுகாப்பு ஊழியர்கள் அவரை இழுத்துப் போனார்கள். போகிற வழியில் அவர்கள் நன்றாகவே அடித்தார்கள். ஆனால் அவர்கள் காசு எதுவும் விற்றிருக்கவில்லை.

மூன்றாவது பாலசுந்தரம். புளோறன்ஸ் நல்ல சேலை உடுத்து, செபமாலையைக் கழற்றி ரொனியின் கையில் கொடுத்துவிட்டு மேடைக்கு வந்தாள். பாலசுந்தரம் வலக்கையை மேசையில் நீட்டி வைத்தார். சபை ஒரு தடி தந்தது. அதில் 'சபைச் சொத்து' என்று எழுதியிருந்தது.

"சொறி அங்கிள்," என்றாள் புளோறன்ஸ். ஓங்கி அடித்தாள். தடி இரண்டாக முறிந்தது.

இரண்டாவது தடியும் முறிந்தது. மூன்றாவது தூளாகப் பறந்தது. மூன்று அடிக்கும் பாலசுந்தரம் கத்தினார். மூன்று அடிக்கும் எலும்பு நின்றுபிடித்தது. பணிப்பாளர் நாயகம் முறிந்த துண்டை முகர்ந்து பார்த்தார்.

"தேக்கு என்றுதானே கொள்வனவுக் கேள்விப்பத்திரத்தில் இருந்தது?"

"ஓன்லைன்ல எடுத்த சேர்," என்றாள் சாமினி.

புளோறன்ஸ் பார்த்தாள். மேடையில் பிரமுகர்களுக்குப் போட்ட இரும்புக் கதிரை ஒன்று காலியாக இருந்தது. அதை மடக்கி, இரண்டு கையாலும் தூக்கி, விளிம்பால் இறக்கினாள். காய்ந்த தென்னை மட்டை முறிகிற சத்தம் கேட்டது. பாலசுந்தரத்தின் முன்கை, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, மனிதக் கை திரும்பக்கூடாத பக்கம் திரும்பியது. வாய் திறந்திருந்தது, காற்று மட்டும் போய்வந்தது. முதல் வரிசையில் ஒரு பெண் வாந்தியெடுத்தாள். கைதட்டல் எழுந்தது. சாமினி நேரத்தைக் குறித்தாள்: பதினொன்று ஏழு.

பணிப்பாளர் நாயகம் ஒலிவாங்கியோடு அருகில் வந்து குனிந்தார். "வாழ்த்துக்கள். அ தரம். இரண்டு வார்த்தை பேசுங்கள்."

"பேப்பர்," என்றார் பாலசுந்தரம். வியர்வை நாடியால் சொட்டியது. "பேப்பரைத் தாங்கோ."

"நிச்சயமாக. கோப்பு இன்றைக்கு என் மேசைக்கு வரும். நாளைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. திங்கள் நான் கண்டியில் ஒரு கருத்தரங்கில், இந்த முறையைப் பற்றித்தான் பேசுகிறேன். செவ்வாய்க்கிழமை வந்து பாருங்கள்."

பாலசுந்தரம் அவரை நிமிர்ந்து பார்த்தார். அறுபத்தைந்து வருடத்தில் அவர் ஒருவருக்கும் கை நீட்டியதில்லை. மகனுக்குக்கூட. இடக்கையால் ஒலிவாங்கியைப் பிடுங்கினார். பணிப்பாளர் நாயகம், அவர் பேசப்போகிறார் என்று நினைத்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் நடுவிலே ஒலிவாங்கி இறங்கியது. மூக்கெலும்பு நொருங்கிய சத்தத்தை ஒலிபெருக்கிகள் மண்டபத்தின் நாலு மூலைக்கும் கொண்டுபோயின. விழுந்தவர்மேல் ஏறியிருந்து பாலசுந்தரம் இன்னும் மூன்று முறை அடித்தார். ஒவ்வொன்றும் கடைசி வரிசைக்கும் தெளிவாகக் கேட்டது. ரொனிதான் வந்து அவரைப் பின்னாலிருந்து தூக்கினான். தூக்கும்போதும் அழுதுகொண்டிருந்தான்.

எல்லோரும் பொலிஸ் வரும் என்று எதிர்பார்த்தார்கள்.

பணிப்பாளர் நாயகம் எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் மூக்கு இருந்த இடம் வழிந்துகொண்டிருந்தது. கையால் தொட்டுப் பார்த்து, விரலைப் பார்த்தார். பிறகு அவருடைய கண்களில் ஏதோ எரிந்தது.

"எழுதுங்கள்," என்றார் சாமினியிடம். வார்த்தைகள் மூக்கில்லாமல் வந்தன. "அ தரம். இருநூறு சாட்சிகள். ஒலிப்பதிவு. போலிக் காயம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சபையின் வரலாற்றில் இவ்வளவு தூய்மையான முடிவு இதுவரை கிடைத்ததில்லை. அடித்தவர் யார்?"

"பாலசுந்தரம் சேர்."

"அடிப்பவர் யார்?"

சாமினிக்கு அது பாடம். "போலி வியாபாரி சேர்."

"ஆகவே."

பதினொரு நிமிடத்தில் பத்திரம் தயாரானது. மூன்று மொழியிலும் இருந்தது. 1893ஆம் ஆண்டு விக்டோரியா இராணித் தலைப் பவுண் போலி என இதனால் சான்றுப்படுத்தப்படுகிறது. விற்றவர்: பாலசுந்தரம், வெள்ளவத்தை. ஏமாற்றப்பட்டவர்: பணிப்பாளர் நாயகம். அவரே கையெழுத்திட்டார். ஒரு துளி இரத்தம் முத்திரைக்குப் பக்கத்தில் விழுந்தது. அதற்கும் சாமினி சிறிய கையொப்பம் வைத்தாள்.

"அப்ப நான்?" என்று கேட்டாள் புளோறன்ஸ்.

"நீங்கள் போகலாம் அம்மா. உங்கள் காசு நல்ல காசு."

வெள்ளிக்கிழமை காலை, போயா விடுமுறையில் தெரு வெறிச்சென்றிருக்க, பாலசுந்தரம் அருளம்பலத்தின் வீட்டு மணியை அடித்தார். வலக்கை தோளிலிருந்து விரல்வரை மாவுக்கட்டு. புருவத்தில் தையல். பல்வரிசையில் ஓட்டை. கதவைத் திறந்த நிருஷா ஒரு அடி பின்வாங்கி, "மாமா!" என்றாள். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு, மின்விசிறியைத் திருகிவிட்டு, தேத்தண்ணி போட ஓடினாள்.

அருளம்பலம் கட்டுப்போட்ட காலை முக்காலியில் நீட்டியபடி பத்திரத்தை வாங்கினார். கண்ணாடியைப் போட்டார். தமிழில் ஒருமுறை வாசித்தார். ஆங்கிலத்தில் ஒருமுறை. வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார். பாலசுந்தரம் வாய் திறந்தார்.

"அது வந்து, நடந்தது என்னெண்டால்..."

அருளம்பலம் விரலைக் காட்டி அவரை நிறுத்தினார். கைபேசியை எடுத்து லண்டனுக்கு அழைத்தார்.

"அக்கா? பேப்பர் வந்திட்டுது. ஓம், ஓம், அரசாங்க முத்திரை. காசு போலி எண்டு போட்டிருக்கு. ஏமாத்தினவன்ர பேரும் போட்டிருக்கு. ஓ, ஆரோ ஒருத்தன். பிரச்சினையில்லை. நீங்க பிளேன் ஏறுங்கோ."

அவர் பத்திரத்தை நாலாக மடித்து, சட்டையின் உட்பைக்குள் வைத்து, மேலே இரண்டு தட்டுத் தட்டினார். பொன்னுருக்குக்குப் பிறகு முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

"கலியாணம் ஞாயிற்றுக்கிழமை நடக்கும். தாலிக்குப் பொன் நானே செட்டியார் தெருவில எடுத்துத் தாறன், நாளைக்குக் காலமை உருக்கும்."

"பெரிய உபகாரம்," என்றார் பாலசுந்தரம்.

"பேப்பர் என்னட்டயே இருக்கட்டும்."

"அது..."

"பிறகு, பெடியனுக்கு எண்டு பேசின அந்தத் தெகிவளை வீடு. அந்தச் சீதனக் கதை இனி வேண்டாம். பிள்ளையள் சந்தோசமா இருந்தால் காணும்தானே? நீர் கேட்டால் நான் இதை மண்டபத்தில வாசிக்கவேண்டி வரும். மூண்டு மொழியிலயும்."

குசினியில் கேத்தல் கூவியது. நிருஷா கோப்பைகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. பாலசுந்தரத்தின் இடக்கை தன்பாட்டில் மடங்கி இறுகியது. ஒலிவாங்கியின் கனம் இன்னும் அதில் இருந்தது. அருளம்பலத்தின் மூக்கு எட்டுகிற தூரத்தில், ஆறுதலாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பாலசுந்தரம் அந்த மூக்கை நெடுநேரம் பார்த்தார். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, கையை மடியில் வைத்தார்.

மிச்சமிருந்தது அந்த ஒரு கைதான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளின் தலையில் அறுகரிசி போட்டு வாழ்த்த அது வேண்டும்.